தண்ணீர் நின்ற மைதானம்

நோவெண்ணெயும் ஈரக் களிமண்ணும் கலந்த ஒரு நெடி உண்டு. அது எங்கேயாவது என் மூக்கில் பட்டால் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றும். கிங்ஸ்பரியில், எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் நாலு தரிப்புத் தள்ளி, ரயில் பாதையின் மண்மேட்டுக்குக் கீழே கிடந்த ரக்பி லீக் மைதானத்தின் நெடி அது. உடை மாற்றும் அறையின் கதவைத் திறந்தால், ஆட்டக்காரர்கள் தொடையிலும் தோளிலும் அள்ளிப் பூசிய எண்ணெயும், அவர்களுடைய சப்பாத்து ஆணிகளில் ஒட்டிக்கொண்டு உள்ளே வந்த சேறும் ஒன்றாகச் சேர்ந்து முகத்தில் அடிக்கும். எங்கள் வீட்டில் "கிரவுண்ட்" என்றால் அந்த இடம் ஒன்றுதான். லண்டனில் வேறு மைதானமே இல்லாத மாதிரி.

அந்த மைதானத்தின் சரித்திரத்தை ஒருவர் எழுதி, வழவழப்பான தாளில் படங்களோடு அச்சிட்டும் விட்டார். அதில் என் அப்பாவைப் பற்றி ஒரே ஒரு வசனம் இருக்கிறது, அதிலும் பெயர் இல்லை. அந்த ஒரு வசனத்துக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆறின கஞ்சி பழங்கஞ்சி, விட்டுவிடு என்கிறார் அம்மா. எனக்கு ஆறவில்லையே, என்ன செய்ய?

முதலில் மைதானத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன், சரித்திரம் என்று வந்தால் எனக்கும் கொஞ்சம் தெரியும். இந்த நாட்டில் ரக்பி இரண்டு விதம். பதினைந்து பேர் ஆடுவது பெரிய பள்ளிக்கூடங்களில் படித்தவர்களின் ஆட்டம். பதின்மூன்று பேர் ஆடும் "லீக்" வடக்கே சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உடம்பை முறித்தவர்களின் ஆட்டம். அப்படிப்பட்ட வடக்கத்தியார் சிலர் வெகுகாலத்துக்கு முன்னால் தொழிற்சாலை வேலைக்கென்று லண்டனுக்கு வந்து, ஊர் ஆட்டத்தை விடமுடியாமல், வேறு எந்தச் சங்கமும் வேண்டாம் என்று கழித்த ஒரு சதுப்பு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, இரண்டு அந்தத்திலும் கம்பம் நட்டு, பலகையால் ஒரு மண்டபமும் கட்டினார்கள். நாங்கள் அங்கே போன இரண்டாயிரத்தின் முதல் வருடங்களில் அந்தப் பழைய ஆட்களில் ஒருவரும் இல்லை. ஆனாலும் இந்தக் கதை அப்பாவுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. "இதுவும் எங்களைப்போல வடக்கால வந்த சனத்தின்ர இடம்தான்" என்று யாழ்ப்பாணத்து ஆட்கள் எல்லோருக்கும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அப்பாவுக்குப் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை. மிச்ச நேரத்தில் அந்த மைதானத்தைப் பராமரிக்கும் வேலை கிடைத்தது: புல் வெட்டுவது, வெள்ளைக் கோடு போடுவது, கம்பத்துக்கு வர்ணம் அடிப்பது. வேலை கொடுத்தவர் சங்கத்தின் செயலாளர். மழையோ வெயிலோ கூரைக்குக் கீழேயோ, தலையில் ஒரு தட்டைத் தொப்பி இல்லாமல் அவரை யாரும் கண்டதில்லை, அதனால் அப்பா அவருக்குத் "தொப்பியர்" என்று பெயர் வைத்தார். தவராசா என்ற அப்பாவின் பெயர் அவருடைய வாயில் நுழையாததால் அவர் அப்பாவை "டேவ்" என்றார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பெயர் வைத்தாயிற்று என்று அப்பா சிரித்தார்.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நின்றவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. வெளிநாட்டுக்கு வந்த எங்கள் குடும்பங்களில் மூத்த பிள்ளைக்கு மொழிபெயர்ப்பு என்பது சம்பளமில்லாத உத்தியோகம். கவுன்சில் கடிதமா, டாக்டரா, தம்பியின் பள்ளிக்கூடமா, எல்லாவற்றுக்கும் நான்தான். அப்பா தமிழில் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதுவேன். எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டுவேன். அப்பா "ஓம், சரி" என்று கீழே கையெழுத்து வைப்பார். ஒரு தரமும் அவர் சந்தேகப்பட்டதில்லை. பெற்ற பிள்ளையைச் சந்தேகப்படுவார்களா?

லண்டனில் லீக் ஆட்டம் சித்திரைக் கடைசியில் தொடங்கிக் கோடையோடு முடிந்துவிடும். குளிர்காலம் முழுக்க மைதானம் ஓய்வில் கிடக்கும். கிடக்கும் என்றால் தண்ணீருக்குள் கிடக்கும். களிமண் நிலம், ஒரு சொட்டும் கீழே இறங்காது. புல் அழுகி, பங்குனியிலும் பாதி மைதானம் சேறாக நிற்க, வருடா வருடம் முதல் ஆட்டங்களை வேறு மைதானத்துக்கு மாற்றுவார்கள். அப்பா முதல் குளிர்காலம் ஒன்றும் செய்யவில்லை. ரப்பர் சப்பாத்தோடு நடந்து நடந்து, தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக் குச்சி நட்டுக்கொண்டே இருந்தார். செம்மண் தோட்டத்தில் வெங்காயப் பாத்திகளுக்கு வரம்பை வெட்டியும் கட்டியும் தண்ணீர் திருப்பிய மனிதர் அவர். "அங்கை தண்ணியைக் கூப்பிட்டுக்கொண்டு வரவேணும், இஞ்சை போகச் சொல்லவேணும், அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார்.

அடுத்த வருடம் ஆட்டங்கள் முடிந்ததும், எங்கள் ஆட்களின் கடைகள் உள்ள ஈஸ்ட் ஹாமில் தேடிப்பிடித்து ஒரு மண்வெட்டி வாங்கிவந்தார். இங்கே மண் வெட்டுகிற நீளப்பிடிக் கரண்டி அவருடைய கைக்குச் சரிவரவில்லை. மைதானத்தின் மோசமான மூலையிலிருந்து குறுக்காக ஒரு வாய்க்கால், அதற்கு மூன்று கிளை. எல்லாம் வெட்டி, கூழாங்கல் நிரப்பி, மேலே புல்லைத் திரும்பப் பதித்தார். நான் கயிறு பிடித்தேன். வாய்க்காலின் வாய் வேலிப் புதருக்குப் பின்னால், ரயில் பாதையோரப் பள்ளத்துக்குள் திறக்கும்; அதற்கு ஓர் இரும்புக் கம்பித்தட்டு. அதில் ஒரே ஒரு வில்லங்கம்தான் இருந்தது. இலை கொட்டும் காலத்தில் புதருக்கு மேலே நின்ற மரங்களின் இலை முழுக்க வந்து அந்தத் தட்டை அடைக்கும். கிழமைக்கு ஒரு தரம் போய் அள்ளவேண்டும். அள்ளாவிட்டால் வாய்க்கால் இருந்தும் பயனில்லை. வெளியே நின்று பார்க்கிற யாருக்கும் அங்கே வாய்க்காலின் வாய் இருப்பதே தெரியாது. அப்பாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும்.

அந்த வசந்தத்தில் மைதானம் காய்ந்து பச்சையாகக் கிடந்ததைப் பார்த்து வந்தவர்கள் எல்லாம் வாயில் கை வைத்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து படம் எடுக்க வந்தபோது, தொப்பியர் அப்பாவின் மண்வெட்டியை வாங்கி, அதைத் துப்பாக்கி மாதிரித் தோளில் சாத்திக்கொண்டு நின்றார். அப்பாவைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னதை நான்தான் மொழிபெயர்த்தேன். மைதானத்தைக் காப்பாற்றிய செயலாளர் என்று செய்தி வந்தது. அம்மா பத்திரிகையை மடித்து எறிந்துவிட்டு, "ஊரார் வீட்டு நெய்யே, பெண்டாட்டி கையே" என்றார். அப்பா மட்டும், மண்வெட்டியாவது படத்தில் வந்ததே என்று சொல்லிச் சிரித்தார். அப்பாவுக்குக் கோபம் வராது. அவருக்கு வரவேண்டிய கோபமும் சேர்த்து எனக்கு வரும்.

மூன்று குளிர்காலம் அப்பா அந்தத் தட்டை அள்ளினார். மூன்று வசந்தமும் ஆட்டம் நேரத்துக்குத் தொடங்கியது. எனக்குப் பதின்மூன்று வயதான கோடையில் தொப்பியர் எங்கள் இருவரையும் மண்டபத்துக்குக் கூப்பிட்டு, தன் அக்காவின் மகன் வேலையில்லாமல் இருக்கிறான், அவன் இனி மைதானத்தைப் பார்ப்பான் என்றார். ஆட்ட நாட்களில் நடுவரோடும் வெளியூர்க் குழுக்களோடும் பேசவேண்டியிருக்கிறதாம், டேவின் ஆங்கிலம் அதற்குப் போதாதாம். சொல்லிவிட்டு, அதை அப்பாவுக்குச் சொல் என்று என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். சொன்னேன். உங்களுக்கு இங்கிலிஷ் போதாதாம் அப்பா என்று, அந்த மனிதர் முன்னால், என் வாயாலேயே சொன்னேன். மற்றதையெல்லாம் ஒருவேளை மன்னித்திருப்பேன்.

அப்பா "சரி" என்றார். அவருடைய மனதில் அப்போது வேறொன்று இருந்தது. அந்த மண்டபத்தின் சுவரில் ஒரு பலகை உண்டு. மைதானம் தொடங்கிய நாளிலிருந்து அதைப் பராமரித்தவர்களின் பெயர்களைப் பொன்னிற எழுத்தில் அதில் எழுதியிருப்பார்கள். ஒருவர் வேலையை விட்டுப் போகும்போதுதான் அவருடைய பெயரை எழுதுவது வழக்கம். பருவம் முடிகிற கொண்டாட்டத்தில் துணியை விலக்கிக் காட்டுவார்கள், எல்லோரும் கை தட்டுவார்கள். வெளியில் சொல்லாவிட்டாலும் நாலு வருடமும் அப்பா அந்தப் பலகையைத் துடைக்கும்போது கடைசிப் பெயருக்குக் கீழே இருந்த வெற்றிடத்தையும் சேர்த்துத் துடைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த வருடக் கொண்டாட்டம் வந்த ஞாயிறு பிற்பகல் அப்பா புது டை கட்டினார், அம்மா கூறைக்கு அடுத்த நல்ல சேலையை உடுத்து, இரண்டு தட்டு நிறைய ரோல்ஸ் பொரித்து எடுத்துக்கொண்டு வந்தார். தொப்பியர் துணியை விலக்கினார். அப்பாவுக்கு முன்னால் இருந்தவருடைய பெயருக்குக் கீழே நேரே அக்கா மகனின் பெயர் இருந்தது. அப்பாவின் நாலு வருடங்களும் அவனுடைய பெயருக்கு எதிரே எழுதப்பட்டிருந்தன. வேலையை விடாதவனுடைய, இப்போதுதான் எடுத்தவனுடைய பெயர். நான் போய்க் கேட்டேன். டேவ் உதவியாளராகத்தானே இருந்தார், பலகை பதவியில் இருப்பவர்களுக்கு என்று சொல்லிவிட்டு, தொப்பியர் ரோல்ஸ் ஒன்றை எடுத்துக் கடித்தார். திரும்பிப் பார்த்தால், சபையோடு சேர்ந்து அப்பாவும் கை தட்டிக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் அம்மா, "கட்டையிலை போவான், என்ர ரோல்ஸையும் எல்லே திண்டிட்டு நிண்டவன்" என்று வீடு வரைக்கும் திட்டிக்கொண்டு வந்தார்.

மறுநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பா என்னைக் குசினி மேசைக்குக் கூப்பிட்டு, தாளும் பேனையும் எடுக்கச் சொன்னார். தொப்பியருக்கு ஒரு கடிதம். அவரைத் திட்டி எழுதப்போகிறார் என்று நான் ஆசையோடு உட்கார்ந்தேன். அவர் சொன்னது இது: வேலிக்குப் பின்னால் வாய்க்காலின் வாய் இருக்கிறது, இலை கொட்டத் தொடங்கினால் கிழமைக்கு ஒரு தரம் கம்பித்தட்டை அள்ளவேண்டும், அள்ளாவிட்டால் மைதானம் பழையபடி தண்ணீருக்குள் தாண்டுபோகும், புதிதாக வந்த தம்பிக்கு இடம் தெரியாவிட்டால் நான் வந்து காட்டுவேன். "மனிசர் செய்த பிழைக்கு மண் என்ன செய்யும், பிள்ளை" என்றும் சொன்னார். அதை எழுதத் தேவையில்லை, எனக்குச் சொன்னது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பாம்புக்குப் பால் வார்க்கிறாரே இந்த மனிதர் என்று நினைத்தேன். குனிந்து எழுதினேன். மைதானம் நல்ல நிலையில் இருக்கிறது, குளிர்காலத்தில் அங்கே ஒன்றும் செய்யத் தேவையில்லை, இனிமேல் இது சம்பந்தமாக என்னைத் தொடர்புகொள்ளவேண்டாம். நல்ல ஆங்கிலம், ஒரு பிழை இல்லை. பிறகு அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, வாய்க்கால், வாய், இலை, கிழமைக்கு ஒரு தரம் என்று அப்பா சொன்னதையெல்லாம் தமிழில் அப்படியே வாசித்துக் காட்டினேன். "ஓம், சரி" என்று கையெழுத்து வைத்தார். நானே போய்த் தபாலில் போட்டேன்.

அந்த மார்கழியிலிருந்து, பள்ளிக்கூடம் போகும் பஸ்ஸில் மேல்தட்டில் இடப்பக்கம்தான் உட்காருவேன். அங்கிருந்து வேலிக்கு மேலால் மைதானம் தெரியும். முதலில் மூலையில் ஒரு சின்னக் குட்டை. தையில் அது நடுக்கோடு வரைக்கும் வந்தது. மாசியில் கம்பங்கள் இரண்டும் தண்ணீருக்குள் நிற்க, கடற்பறவைகள் வந்து நீந்தின. அக்கா மகன் தோட்டம் கிளறுகிற ஒரு முள்ளுக் கரண்டியால் சேற்றில் குத்திக் குத்தி ஓட்டை போட்டுக்கொண்டு நிற்பதை ஒருநாள் கண்டு, கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு சிரித்தேன். குத்தடா, நல்லாகக் குத்து என்று மனதுக்குள் சொன்னேன். பள்ளிக்கூடத்துக்கு அவ்வளவு சந்தோஷமாக நான் போனது அந்த ஒரு குளிர்காலம்தான். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. அவர் அந்தத் தெருவால் போவதையே விட்டிருந்தார்.

அந்த வசந்தத்தில் மைதானம் தொடங்கியதன் ஆண்டுவிழா ஆட்டம் ஒன்றும் இருந்தது. வடக்கேயிருந்து ஒரு குழு தனி பஸ்ஸில் வருவதாக இருந்தது. அந்தப் பழைய ஆட்களுடைய ஊர்க் குழு. மைதானம் இருந்த நிலைக்கு ஆட்டம் நின்றுபோனது. அடுத்த சனிக்கிழமை பிற்பகல் எங்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. தொப்பியர். வாசலில் தொப்பியைக் கழற்றினார், உள்ளே தலை மொட்டை. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவருடைய கையில் என் கடிதம் இருந்தது.

அம்மா தேத்தண்ணி போட எழும்பவில்லை. அப்பா கண் காட்டிய பிறகுதான் குசினிக்குள் போனார். தொப்பியர் கடிதத்தை மேசையில் வைத்து, இது உன் கையெழுத்துத்தானே, தண்ணீர் எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டு, ஒன்றும் செய்யத் தேவையில்லை என்று ஏன் எழுதினாய் என்று கேட்டார். கேட்டுச் சொல் என்று என்னைப் பார்த்தார். அப்பா என்னைப் பொறுத்திருக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கடிதத்தை எடுத்து விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் அந்த மூன்று வரிக்குப் போதும். வெகுநேரம் வாசித்தார். பிறகு அதை மடித்து வைத்தார். என் பக்கம் திரும்பவில்லை.

"மறந்து போனன் எண்டு சொல்லு."

நான் குனிந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தேன்.

"வாய்க்கால் வாயை அள்ளவேணும் எண்டு எழுத மறந்து போனன். பிழை என்னிலைதான். சொல்லு, பிள்ளை."

சொன்னேன். ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். நான்தான் எழுதினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பாவின் கை என் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தது. தொப்பியர் எழுந்து, இப்படிப்பட்ட ஆளை வைத்திருக்கக் கூடாது என்று தான் நினைத்தது சரியாகப் போயிற்று, பலகையில் பெயர் வராததும் நல்லதாயிற்று என்றார். அவர் என்ன சொல்கிறார் என்று அப்பா கேட்டார். நன்றி சொல்கிறார் என்றேன். அப்பா தலையாட்டினார். நம்பினாரோ தெரியாது.

அன்றைக்கே அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தொப்பியரின் காரில் போய், வேலிக்குப் பின்னால் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று அழுகிய இலை முழுவதையும் அள்ளினார். திரும்பி வந்து குளித்துவிட்டுச் சாப்பிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. அடுத்த கிழமை கல்லூரியில் ஆங்கில வகுப்பில் பெயர் பதிந்தார். அதற்குப் பிறகு இன்று வரைக்கும் அப்பா என்னிடம் ஒரு கடிதமும் எழுதத் தந்ததில்லை. கவுன்சில் கடிதம் வந்தால் அகராதியை விரித்து வைத்துக்கொண்டு பாதி நாள் குந்தியிருப்பார். நான் பக்கத்தில் போனால், தான் பார்க்கிறேன் என்று தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். இரண்டு அடி போட்டிருந்தால் அன்றைக்கே அழுது முடித்திருப்பேன்.

இப்போது அங்கே மைதானம் இல்லை. குத்தகை முடிந்து, சங்கம் கலைந்து, நாலு மாடிக் குடியிருப்புகள் எழும்பிவிட்டன. கம்பங்களும், பலகை மண்டபமும், வேலியும், அதன் மேலே நின்ற மரங்களும் போய்விட்டன. கட்டியவர்களுக்கும் வாய்க்கால் தெரியாது. மழை பெய்தால் கார் நிறுத்துமிடத்தில் குளம் நிற்கிறது. பெருமழைக்கு மறுநாள் அந்தப் பக்கம் வேலையிருந்தால் நான் காரை மெதுவாக ஓட்டிப் பார்ப்பேன், வயிறு குளிரும். தொப்பியர் செத்துப்போனார். நான் அவரிடம் கேட்கவேண்டியதைக் கேட்கும் முன்னால் தப்பிவிட்டார், அந்த ஆத்திரமும் எனக்கு இருக்கிறது.

சரித்திரப் புத்தகத்தில் இருக்கும் வசனம் இதுதான்: முன்னாள் உதவியாளர் ஒருவரின் கவனக்குறைவால் மைதானம் பாழாகி ஆண்டுவிழா ஆட்டம் நின்றது. எழுதியவருக்கு நடந்ததைச் சொல்லி எழுதினேன். மரியாதையாகப் பதில் வந்தது. சங்கத்துக் காகிதங்களில் உங்கள் தந்தையின் கையெழுத்தோடு கடிதம் இருக்கிறது, அது அவருடையது அல்ல என்று அவரே எழுதித் தந்தால் அடுத்த பதிப்பில் திருத்துகிறேன் என்றார். தாளை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன். இப்போது அவருக்கு யாரும் வாசித்துக் காட்டத் தேவையில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே வாசித்தார்.

"என்ர பிள்ளை பொய்க் கடிதம் எழுதினவள் எண்டு நான் எழுதிக் குடுக்கமாட்டன்" என்றார். "என்னை அவங்கள் என்னவும் சொல்லட்டும். எனக்கு நோகாது."

எனக்கு நோகிறது, அப்பா. தமிழில் எது அச்சில் வந்தாலும் விடாமல் வாசிக்கிறவர் நீங்கள், இதையும் வாசிப்பீர்கள், கோபப்படுவீர்கள். ஒரு தரமாவது கோபப்படுங்கள். அந்தக் கடிதத்தை எழுதியவள் நான். கந்தப்பிள்ளை தவராசா வாய்க்கால் வெட்டிப் பார்த்த மூன்று குளிர்காலத்திலும் அந்த மைதானத்தில் தண்ணீர் நிற்கவில்லை.